கல்லூரி ஃபுட்பால்: மைதானமா, டிவியா?

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை எங்கே பார்ப்பது என்று கேட்டால், நான் மைதானம் என்றுதான் சொல்வேன். ஆனால் டிவியை லேசில் ஒதுக்கிவிட முடியாது.

டிவியில் ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறுவதற்கு, எட்ட வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு தெரியும். 1998-ல் வந்த இந்த வசதி புல்தரையில் கிடையாது. கேட்ச் பிடித்தவரின் கால்விரல் எல்லைக்குள் பட்டதா என்பதையும் நாலு கோணத்தில் பார்த்துவிடலாம். சனிக்கிழமையானால் மதியம் தொடங்கி நள்ளிரவு வரை ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒளிபரப்பின் மீது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ வைத்திருந்த பிடியை 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தளர்த்தியதால் கிடைத்த பலன் இது.

கெடுப்பது விளம்பரம். எதிரணியின் கோட்டைத் தாண்டி டச்டவுன் விழுந்ததும் விளம்பரம். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும் கிக்ஆஃப் முடிந்ததும் மறுபடி விளம்பரம். வீட்டில் எழுந்துபோய்த் தண்ணீராவது குடிக்கலாம். மைதானத்தில் 22 வீரர்களும் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். கோட்டோரம் நிற்கும் ஒளிபரப்புக் குழு ஆள் சைகை காட்டும்வரை ஆட்டம் நகராது. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, அப்படியும் ஏன் மைதானம்? அந்த இடைவெளியை மாணவர்களின் பேண்ட் வாத்தியக் குழு நிரப்பிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் சேரும். எதிரணி தேர்ட் டவுனுக்கு, அதாவது மூன்றாவது முயற்சிக்கு, நிற்கும்போது அத்தனை பேரும் கத்தினால், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. டிவியில் அந்தச் சத்தம் வர்ணனைக்கு அடியில் அமுங்கிப்போகிறது. அப்புறம், கேமரா பந்தைத்தான் துரத்தும். மேல்வரிசையில் உட்கார்ந்தால், குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுப் பந்து போகுமுன்னே தடுப்பாளர் ஒருவர் தடுமாறுவதும், அவரைத் தாண்டி, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் தனியாக ஓடுவதும் கண்ணில் பட்டுவிடும். அந்த ஒரு நொடிக்காக நான் மழையிலும் போவேன்.