பழைய காருக்குக் கைச் சோக்கா, தானியங்கிச் சோக்கா?

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை மாற்றும் வேளையில் இந்த இரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரிவர ஆவியாகாது என்பதால், கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டவே சோக் வந்தது. கைச் சோக்கை ஓட்டுநரே குமிழை இழுத்து இயக்குவார், தானியங்கி சூடேறத் தானே விலகும். ஃபோர்ட் மொடல் டீயில், முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றுபவரே இழுக்கும்படி ரேடியேட்டர் அருகே அதற்கொரு கம்பி வளையம் இருந்தது.

செலவு: கைச் சோக்குக்கு ஒரு கேபிள் போதும், தானியங்கிக்குச் சூட்டில் வளைந்து சோக்கை இயக்கும் இருவுலோகச் சுருளும் அதைச் சூடாக்கும் ஏற்பாடும் வேண்டும்.

உழைப்பு: கடற்காற்றில் கேபிள் துருவேறி இறுகினாலும் எண்ணெயிட்டால் பெரும்பாலும் இளகிவிடும், சுருள் பழுதானால் மாற்றத்தான் வேண்டும்.

இலகு: இதில் தானியங்கியே மேல்.

பெற்றோல் மிகுந்து, தீப்பொறி தரும் பிளக் நனைவதுதான் பெரிய தொல்லை. என் மோரிஸ் மைனரில் குமிழை இழுத்தால், பெற்றோல் வரும் துளையான ஜெட் கீழிறங்கிப் பெற்றோல் கூடும். மார்கழி மழைக் காலையொன்றில் அதை அளவுக்கு மீறி இழுத்து வைத்துப் பலமுறை ஸ்டார்ட் செய்தபோது, கழற்றிய பிளக்கின் முனையில் பெற்றோல் துளியாய் நின்றது. குமிழை முழுவதும் உள்ளே தள்ளி, அக்சிலரேட்டரை அடிவரை மிதித்துச் சுழற்றினால் மிகுதி வெளியேறும். தானியங்கி மூடியபடி சிக்கிக்கொண்டால், பொனற்றைத் திறந்து, காற்றை மறிக்கும் அதன் தகட்டைக் கையால் விலக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் சோக் சில நொடிகளே தேவைப்படுவதால், காரைத் தாமே பராமரிப்பவருக்குக் கைச் சோக்கையே பரிந்துரைப்பேன். குமிழைத் திரும்பத் தள்ள மறக்கக்கூடிய பலர் ஓட்டும் வண்டிக்குத் தானியங்கி பொருந்தும்.