மக்கனூடோ கஃபே: மென்மையான சுருட்டோடு சில வருடங்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டுக்கு வேலைக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இந்தச் சுருட்டு. பல சுருட்டுகளைப் பார்த்தாகிவிட்டது. இன்று வீட்டில் எப்போதும் இருப்பது மக்கனூடோ கஃபே என்ற சுருட்டு, அதிலும் ஹைட் பார்க் என்ற அளவு. ஐந்தரை அங்குல நீளம், ரிங் கேஜ் 49. ரிங் கேஜ் என்பது அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்லும் கணக்கு. ஆக, குறுக்களவு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். டொமினிகன் குடியரசில் சுருட்டுகிறார்கள். உள்ளே டொமினிகன், மெக்சிகோ இலைகள். அதைச் சுற்றி, உள்ளிலையைக் கட்டிவைக்கும் பைண்டராக மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை. எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சுற்று இலையான ராப்பர்: நிழலில் வளர்த்த கனெக்டிகட் ஷேட்.

அந்த ராப்பர் இலையின் பிறப்பிடத்தில்தான் நான் குடியிருக்கிறேன். பக்கத்து ஊரான வின்சரில் 1900 வாக்கில் புகையிலைக்கு மேலே துணிப்பந்தல் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். அப்போது சுமத்ராவிலிருந்து இறக்குமதியான மெல்லிய இலை உள்ளூர்ச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாகத்தான் இந்த ஏற்பாடு. நேர் வெயில் படாமல், பந்தலுக்குள் ஈரப்பதத்தோடு வளர்வதால் இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வருகிறது, நரம்பும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. செடியை மொத்தமாக வெட்டாமல் அடியிலிருந்து மேலே ஒவ்வொரு இலையாகப் பறித்து, கோர்த்து, மரக்கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். ஆள்பலம் நிறையத் தேவைப்பட்ட வேலை. மார்ட்டின் லூதர் கிங் மாணவராக இருந்தபோது 1944, 1947 கோடைகளில் சிம்ஸ்பரியில் வேலை பார்த்தது இப்படி ஒரு புகையிலைப் பண்ணையில்தான். இப்போது பந்தல்கள் மிகவும் குறைந்துவிட்டன. இந்தப் பக்கம் கார் ஓட்டும்போது தென்படும் நீளமான பழைய கொட்டகைகளில் பல சும்மா கிடக்கின்றன.

சரி, சுவைக்கு வருவோம். ஊரில் பார்த்த கறுத்த, நெடியடிக்கும் திண்டுக்கல் சுருட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பற்ற வைத்தால் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்றுதான் கேட்கத் தோன்றும். பற்ற வைக்கும் முன் ஒரு வெற்று இழுப்பு இழுத்தால் காய்ந்த வைக்கோல் வாசமும் மெல்லிய இனிப்பும் தெரியும். முதல் சில இழுப்பில் சிடார் மரவாசம். கொஞ்சம் எரிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம்: வறுத்த முந்திரி, பாலாடையின் வழவழப்பு, புகையை லேசாக மூக்கு வழியே விட்டால் மட்டும் தட்டுப்படும் வெள்ளை மிளகு. மூக்கு வழியே விடாதவர்களுக்கு இந்தச் சுருட்டில் பாதி கிடைக்காது என்பேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்கவே கூடாது, வாயோடு சரி. அதற்காக ஆபத்தில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு மென்மை, காட்டம் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

இதை ‘தொடக்கக்காரர் சுருட்டு’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்டமான சுருட்டு நம் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். சுவையே தடித்துக் கிடப்பதால் வேகமாக இழுத்தாலும் ஏதோ ஒன்று நாக்கில் நிற்கும். இதில் அந்தச் சலுகை கிடையாது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் போனால் நுனி சூடேறி முந்திரி, பாலாடை எல்லாம் ஓடிப்போய் வெறும் கசப்பு மிஞ்சும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கையில் வேறு வேலையில்லாமல் உட்காரத் தெரிந்தவருக்குத்தான் இது பேசும். செல்போனில் மெயில் பார்த்துக்கொண்டே பிடிப்பதற்கு வேறு சுருட்டுகள் இருக்கின்றன.

கூடக் குடிக்க, பால் கலந்த ஃபில்டர் காபி. விஸ்கி இதை அமுக்கிவிடுகிறது, கறுப்புக் காபியும் அப்படித்தான்.

இதே ரக விதையை ஈக்வடாரிலும் பயிரிடுகிறார்கள். அங்கே வானமே பெரும்பாலும் மேகம் மூடிக் கிடப்பதால் துணிப்பந்தல் தேவையில்லை. கடையில் ‘கனெக்டிகட்’ என்று எழுதியிருக்கும் பல சுருட்டுகளின் ராப்பர் அந்த ஈக்வடார் இலைதான். நிகராகுவா உள்ளிலையோடு வரும் ஒலிவா கனெக்டிகட் ரிசர்வ் அதற்கு நல்ல உதாரணம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பிடித்துப் பாருங்கள். ஒலிவாவில் மிளகு தூக்கலாக, புகை கொஞ்சம் கனமாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைத்தான் எடுப்பேன். வெறும் வயிறு இல்லாத சனிக்கிழமைக் காலைக்கு மக்கனூடோ.

வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி தருவது இந்த ராப்பரின் மென்மைதான். வெங்காயச் சருகு போல மெல்லிசு. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்காற்று வறண்டுவிடும். வெளியே விட்டுவைத்த சுருட்டு, வாயில் வைக்கும் நுனியை மூடியிருக்கும் ‘தொப்பி’யை வெட்டும்போதே விரியத் தொடங்கும். உறைகுளிரில் டெக்கில் நின்று பிடித்தாலும் அதே கதி: உள்ளே சூட்டில் உப்பும், மேலே இலை விறைத்திருக்கும், நடுவில் கீறல் ஓடும். (வீட்டுக்குள் பிடிக்கலாமே என்று கேட்பவர்கள் என் மனைவியிடம் பேசிக்கொள்ளலாம்.) சுருட்டை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டியான ஹியூமிடாரில் 70 சதவீத ஈரப்பதம் என்பது பழைய கணக்கு. இந்த இலைக்கு அது எனக்கு அதிகமாகப் படுகிறது. சுருட்டு ஒரு பக்கமாக எரிகிறது, அடிக்கடி அணைகிறது. பெட்டிக்குள் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலத்துக்கு மாறிய பிறகு எரிவது சீரானது, சாம்பலும் வெளுப்பாக ஒரு அங்குலம் வரை உதிராமல் நிற்கிறது.

வைத்து வைத்துப் பழையதாக்கினால் சுவை கூடும் என்பது காட்டமான சுருட்டுகளுக்குப் பொருந்தலாம். இது சில மாதங்களில் இன்னும் வழவழப்பாகிறது, உண்மைதான். ஆனால் ஒரு வருடம் தாண்டியதும் அந்த மிளகு போய்விடுகிறது, பிறகு முந்திரியும் மங்குகிறது. அதனால் பெட்டி விலை மலிவாக இருந்தாலும் இப்போது பெட்டியாக வாங்குவதில்லை. கடைக்குப் போகும்போது நாலைந்து, அதுவும் ராப்பரில் பச்சை திட்டு இல்லாமல் ஒரே வெளிர்பழுப்பாக இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.