தாராவைக் கிட்டப் பார்க்க எந்தப் படகு? கயாக், காற்றுப் படகு, ஃபைபர் வள்ளம்

காட்டுத் தாராவைக் கமராவில் பிடிக்க ஒரு சின்னப் படகு வாங்கலாம் என்று இரண்டு வருடமாக யோசித்து, நண்பர்களுடையதை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்து, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். துவக்கோடு போகும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள், 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கையில் காட்டுத் தாராவைச் சுடுவது குற்றம். ஆனால் படகு விஷயத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்களுடைய லேஅவுட் போட் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும், ஆள் உள்ளே மல்லாந்து படுத்திருப்பார், நிறமும் மினுங்காத புல் நிறம். ஏனென்றால் தாரா படகைப் பார்த்து மிரளுவதை விட நிமிர்ந்த மனித உருவத்தைப் பார்த்து மிரளுவதுதான் அதிகம். அதனால் உயரமும் சத்தமும்தான் என் அளவுகோல். வேகம் இதில் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் கயாக். அதில் இரண்டு வகை. உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக் ஒடுங்கியது, அறுபது அறுபத்தைந்து சென்ரிமீற்றர் அகலம், நன்றாக ஓடும், ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், நடு ஏரியில் தனியாளாக அதை இறைத்துவிட்டுத் திரும்ப ஏறுவது லேசான வேலை இல்லை. மேலே உட்காரும் வகை எண்பது சென்ரிமீற்றர் வரை அகலம், உள்ளே மூடிய வெற்றிடம், தளத்தில் விழும் தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும், விழுந்தாலும் வயிற்றைப் படகின் மேல் அழுத்தி ஏறலாம். இடுப்புக்குக் கீழே எப்போதும் நனையும், அது உண்மை. கமராவைத் தண்ணீர் புகாத பையில் போட்டு மடியில் வைத்தால் சரி.

சத்தம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொழும்புக்குப் பக்கத்துப் பொல்கொடை ஏரியில் ஒரு விடியற்காலை, ஆகாயத்தாமரை ஓரமாக இருபது முப்பது சீழ்க்கைத் தாரா தலையைச் செருகிக்கொண்டு தூங்குகின்றன, அவை இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை, நான் துடுப்பை மடியில் வைக்கப் போய் அது பிளாஸ்டிக் விளிம்பில் ஒரே ஒரு 'டொக்'. அவ்வளவுதான், எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தது, அடுத்த நொடி சீழ்க்கை அடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் மேலே. அதற்குப் பிறகு விளிம்பு இரண்டிலும் ஃபோம் துண்டு ஒட்டிவிட்டேன், முன்னால் ஒரு பழைய துவாய்.

காற்றடித்து ஊதும் படகு இந்தச் சத்தத்தில் கயாக்கை வென்றுவிடும், துடுப்பு பட்டாலும் மெத்தையில் பட்டது போலத்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு இதை விட வேறு வழியும் இல்லை, பதினைந்து கிலோ பையாக மடித்து லிஃப்டில் கொண்டுபோகலாம். ஆனால் காற்று வீசினால் காகிதம் போல இழுபடும், மதியக் கடற்காற்று எழும்புமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். கண்டல் வேர், உடைந்த போத்தல் இரண்டும் அதற்கு எதிரி, முத்துராஜவெலச் சதுப்புப் பக்கம் இரண்டுமே தாராளம். இன்னொன்று, பொல்கொடையில் உவர்நீர் முதலை உண்டு. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தப் படகிலும் காலைத் தொங்கப் போடாதீர்கள்.

அப்புறம் ஃபைபர் வள்ளம், தட்டையான அடி, பத்துப் பன்னிரண்டு அடி நீளம். அப்பாவையோ பிள்ளையையோ கூட்டிப் போக, முக்காலியோடு பெரிய லென்ஸ் வைக்க, அதுதான் நல்லது. ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், கரையில் யாரிடமாவது வாடகை கொடுத்து நிறுத்திவைக்க வேண்டும். நீங்கள் உட்காரும் உயரமும் கூடிவிடுகிறது. இயந்திரம் பூட்டினால் கூட்டத்தை நெருங்கும் முன்பே நிறுத்திவிட்டு மிதந்து போங்கள். அமெரிக்காவில் ஓடும் இயந்திரப் படகிலிருந்து தாராவைச் சுடவே கூடாது, இயந்திரத்தை நிறுத்தி, படகின் ஓட்டமும் அடங்கிய பிறகுதான் சுடலாம் என்று சட்டம். படம் எடுப்பவருக்கும் அது பொருந்தும், பறவையைத் துரத்திப் படம் எடுப்பது அநியாயம்.

ஊசிவால், நீலச்சிறகி என்ற வலசைத் தாராக்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் அதற்குப் படகே தேவையில்லை, டிசம்பர், ஜனவரியில் மன்னார்த் தாம்போதியில் காரை ஓரம்கட்டினால் போதும். கொழும்பைச் சுற்றித்தான் என்றால் என் தேர்வு மேலே உட்காரும் பத்தடிக் கயாக், கரும்பச்சை, மினுக்கம் இல்லாதது. வாங்கும் முன் தனியாக அதைத் தூக்கி உங்கள் காரின் கூரையில் ஏற்றிப் பாருங்கள், இருபத்தைந்து கிலோ அளவில் இருக்கும். ஏற்ற முடியாவிட்டால் காற்றுப் படகையே எடுங்கள்.