டி-போர்ட்டல்: நாலு வருஷம் புழங்கிய பிறகு

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களைக் கண்காணிக்கிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நான் திறக்கிற தளம் இது.

2008இல் கானா நாட்டின் அக்ராவில் நடந்த மாநாட்டில் ஐஏடிஐ (IATI, சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முயற்சி) என்றொரு ஏற்பாடு தொடங்கியது. அதன்படி கொடையாளர்களும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் திட்டக் கணக்கை ஒரே வடிவத்தில் வெளியிடுகிறார்கள். மூலக் கோப்பு எக்ஸ்எம்எல், அதாவது கணினி படிப்பதற்கென்று குறியீடுகளோடு எழுதுகிற வடிவம். திறந்தால் தலை சுற்றும். அதை மனுஷர் படிக்கிற மாதிரி எடுத்துப் போடுவதுதான் டி-போர்ட்டலின் வேலை. காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

ஒரு திட்டத்தைத் திறந்ததும் நான் பார்ப்பது தேதிகளை. முடிப்பதாகத் திட்டமிட்ட நாள் வேறு, நிஜமாக முடிந்த நாள் வேறு. வெளியிட்டவர்கள் நிரப்பியிருந்தால் இரண்டும் இருக்கும். பிறகு பணம்: தருவதாக ஒப்புக்கொண்டது, கைமாறியது, செலவானது என்று தனித்தனியாக. அதோடு பணம் யாருடையது, பொறுப்பு யார், வேலையைச் செய்ய வேண்டியவர் யார் என்று பெயர்களும் வரும். கூட்டத்தில் "அது எங்க பொறுப்பு இல்லீங்க" என்று ஆளாளுக்குக் கைகாட்டுவது இந்தப் பெயர்களைப் படித்துக் காட்டினாலே பாதி அடங்கிவிடும்.

முதல் வருஷம் இதை வைத்தே நான் அசிங்கப்பட்டேன். கொடையாளர் ஒரு தொகையைக் கொடுத்ததாக எழுதியிருந்தார். வாங்கிய நிறுவனமும் தன் பக்கத்தில் அதே தொகையைத் தனித் திட்டமாக எழுதியிருந்தது. நான் இரண்டையும் கூட்டி, "பாதிப் பணம் எங்கே?" என்று நிறைந்த சபையில் கேட்டுவிட்டேன். வந்தது ஒரே பணம். எதிரே இருந்த கணக்கர் சிரிக்காமல் விளக்கினார், சிரித்திருந்தால்கூடத் தேவலை. புதிதாக வருகிறவர்கள் கூட்டுவதற்கு முன்னால் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எழுதுகிறவர் என்ன எழுதுகிறாரோ அதைத்தான் தளம் காட்டும். ஒரு திட்டத்தின் விளக்கமாக "இரண்டாம் கட்டம்" என்று மட்டும் இருந்தது. எதன் இரண்டாம் கட்டம்? பல திட்டங்களில் நாட்டின் பெயரோடு சரி, எந்த ஊர் என்று இருக்காது. ஒரு குடிநீர்த் திட்டம் "முடிந்தது" என்றிருந்தது. போய்ப் பார்த்த தம்பி போன் செய்தான்: "அக்கா, தொட்டி பளபளன்னு இருக்கு. குழாயைத்தான் காணோம்." அப்புறம் நானும் போனேன். தொட்டிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, வாயில் சாக்கைத் திணித்திருந்தார்கள். நாடா வைத்துப் படம் எடுத்தோம்.

தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊர்க்கூட்டத்துக்கு நான்தான் உட்கார்ந்து தமிழில் எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

பார்த்த பக்கத்தை அன்றைக்கே அச்செடுத்துத் தேதி போட்டு வைப்பேன். வெளியிட்டவர் திருத்தினால் தளத்தில் புதியதுதான் தெரியும், பழையது போய்விடும். அந்தத் தொட்டித் திட்டத்தின் முடிவுத் தேதி, நாங்கள் கடிதம் கொடுத்த பிறகு, எட்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. "எப்பவுமே இந்தத் தேதிதான்" என்றார் திட்ட அதிகாரி. பையிலிருந்து பழைய தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார்.