பிரிக்ஃபீல்ட்ஸில் வரகுச் சோறு: போர்டில் எழுதியது பாதிதான் சரி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசல் போர்டில் மூன்று வரி: சிறுதானியச் சாப்பாடு, இதயத்துக்கு நல்லது, சர்க்கரை ஏறாது. முதல் வரி சரி. இரண்டாவது, நீங்கள் இலையில் எதை எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவதை அழித்துவிடலாம். எந்தச் சோறும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், எவ்வளவு வேகமாக, எவ்வளவு உயரத்துக்கு என்பதில்தான் வித்தியாசம்.

கடை ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கல்லாவில் உட்காரும் அக்கா கேட்டுக்கொண்டார், மதியத்தில் இப்போது வரும் கூட்டத்துக்கே இலை போட ஆள் பற்றவில்லையாம். நம்புகிறேன், பன்னிரண்டரைக்கு மேல் போனால் நின்றுதான் ஆகவேண்டும்.

வெள்ளைச் சோற்று இலை 12 வெள்ளி (ரிங்கிட்), வரகுச் சோற்று இலை 16 வெள்ளி. நான்கு வெள்ளி அதிகம் கொடுத்து என்ன கிடைக்கிறது? வரகு குழையாமல், உதிரியாக வெந்து வருகிறது, மீன் குழம்போடு நன்றாகச் சேர்கிறது, ரசத்துக்குத்தான் கொஞ்சம் ஒட்டவில்லை. பாக்கெட்டில் விற்கும் வரகு பல நேரம் தீட்டித் தீட்டி வெள்ளையாக இருக்கும், தவிடு போனால் நார்ச்சத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும், அப்புறம் அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய தூரம் இல்லை. இங்கே வருவது லேசான பழுப்பு நிறம். அதனால் விலையைப் பற்றிப் புகார் இல்லை.

ஆனால் கடையின் உண்மையான சொத்து வரகு இல்லை. கூட்டும் சுண்டலும்தான். புடலங்காய்க் கூட்டில் கடலைப் பருப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போடுகிறார்கள், கீரை தினமும் உண்டு, தனியாக 3 வெள்ளிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் ஏறக்குறைய 12 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து சாப்பிடுகிறவர்களிடம் இதயநோயும் மரணமும் குறைவாக இருப்பதைக் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2023-இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்றுதான் சொன்னது. அந்த எண்ணை எட்ட எளிய வழி, போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும் தானியம் இல்லை, மெனுவின் கடைசி வரியில் இருக்கும் இந்தச் சுண்டல்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் வேடிக்கை விஷயம் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, மலாய், சீனர், இந்தியர் என்ற மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். சர்க்கரையும் இதயமும் ஒரே தெருவில் குடியிருப்பவை. வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும், அதை இறக்க இன்சுலின் கூடும், தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும், வருடக்கணக்கில் இது நடந்தால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அந்தக் கொழுப்பு சும்மா கிடக்காது. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு எதிர்வினையாகக் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை ரத்தத்தில் விடும் (மருத்துவப் பரிசோதனைத் தாளில் ஹெச்எஸ்-சிஆர்பி என்று பார்த்திருப்பீர்கள், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்கள்). ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வளர்வதிலும் அது கிழிவதிலும் இந்த அழற்சிக்குப் பங்கு உண்டு. 2017-இல் வந்த கான்டோஸ் சோதனையில், ஏற்கனவே மாரடைப்பு கண்டவர்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், அடுத்த தாக்குதல்கள் குறைந்தன. நார்ச்சத்து வேலை செய்வது வேறு வழியில்: பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்கும், அவை குடல் சுவரைக் காத்து அழற்சியைத் தணிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வரகு சாப்பிட்டதும் சி.ஆர்.பி. இறங்கும் என்று கிளம்ப வேண்டாம். வெள்ளைத் தானியத்துக்குப் பதில் முழுதானியம் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சிலவற்றில் அழற்சி குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. பலமான ஆதாரம் நீண்டகாலக் கண்காணிப்புகளில் இருக்கிறது. 2021-இல் வெளியான ப்யூர் ஆய்வு 20 நாடுகளில் 1,37,851 பேரை, நம் நாட்டவர்களும் சேர்த்து, ஒன்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று சேர்த்துப் பார்த்தால், முன்பு இதயநோய் இல்லாதவர்களிடம் 21 சதவீதம் ஆபத்து கூடுதல். முன்பே இதயநோய் இருந்தவர்களுக்கு அது 51 சதவீதம். இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், காரணத்தை அடித்துச் சொல்லாது, ஆனாலும் அலட்சியப்படுத்தும் எண் இல்லை.

சரி, கடைக்கு வருவோம். கேழ்வரகு வகைகள் எனக்கு ஏமாற்றம். கேழ்வரகின் தோல் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைப் பெரும்பாலும் முழுதாகவே அரைப்பார்கள், அது நல்லதுதான், சுண்ணாம்புச் சத்தும் தாராளம். ஆனால் பவுடர் மாதிரி அரைத்த மாவு வயிற்றில் வேகமாகச் செரிக்கும், அதைக் கஞ்சியாகக் கரைத்துவிட்டால் இன்னும் வேகம். இவர்கள் கேழ்வரகுப் புட்டின் மேல் குலா மலாக்காவை (தென்னை வெல்லம்) தாராளமாகத் தூவி, போர்டில் அதற்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு இதயம் வரைந்திருக்கிறார்கள். கேழ்வரகு மில்க் ஷேக் அதைவிட மோசம், இனிப்பு தவிர எதுவும் நாக்கில் தெரியவில்லை. அந்த இதயத்தைச் சுண்டலுக்கு மாற்றிப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

குடிப்பதற்கு தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்லுங்கள். தே தாரேயில் (ஆற்றிய பால் தேநீர்) ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். 16 வெள்ளி கொடுத்து வரகு சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கப் தே தாரே குடிப்பவர்களை ஒவ்வொரு மேசையிலும் பார்க்கலாம்.

பரிமாறும் முறை எனக்குப் பிடித்தது. காய்களை முதலில் வைத்துவிட்டுச் சோற்றுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆள் பற்றாக்குறைதான் காரணமாக இருக்கும், ஆனால் அந்த இடைவெளியில் கூட்டையும் கீரையையும் வறுத்த மீனையும் முடித்துவிடலாம். காயும் புரதமும் முன்னால், சோறு பின்னால் என்று சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. இரண்டாம் முறை சோறு இலவசம், அங்கேதான் கணக்கு உதைக்கும். வரகுதானே என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் ஒரு கரண்டி வெள்ளைச் சோற்றைவிட அது மோசம்.

எதிர் இருக்கைப் பெரியவர் என் இலையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத சாப்பிட்டா சக்கர மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார். "வேணாம் அங்கிள், டாக்டர கேக்காம மாத்திரையில கை வைக்காதீங்க" என்றேன். அவர் போர்டைக் கை காட்டினார். கடைக்காரர்கள் "சர்க்கரை ஏறாது" என்ற வரியை எடுக்கவேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வரகு பிடிக்காத அப்பா அம்மாவை அழைத்துப்போனால் 13 வெள்ளிக்குப் புழுங்கல் அரிசிச் சோறு இருக்கிறது, மெனுவில் இல்லை, கேட்டால்தான் வரும். புழுங்கல் அரிசி பொதுவாக வெள்ளைப் பச்சரிசியைவிட மெதுவாகச் செரிக்கும், ரசமும் அதற்குத்தான் பொருந்துகிறது. அடுத்த முறை நானே அதைத்தான் வாங்குவேன், மிச்சமாகும் மூன்று வெள்ளிக்குச் சுண்டல். தாப்பாவ் (பார்சல்) வாங்குகிறவர்கள் குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோற்றின் மேலேயே ஊற்றிக் கட்டிவிடுகிறார்கள். ஒன்றரைக்கு மேல் போனால் சுண்டல் தீர்ந்துவிடும்.