பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கும் பழைய மக்காரோவ்

இந்த மக்காரோவ் பிஸ்டல் என் கைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பல்கேரியாவின் கசன்லாக் ஊரில் உள்ள அர்செனல் ஆலையில் செய்தது, உடம்பில் வட்டத்துக்குள் 10 என்று முத்திரை குத்தியிருக்கும். யாரோ ஒரு சிப்பாயின் இடுப்பில் இருந்துவிட்டு, எங்கோ ஒரு கிடங்கில் கிரீஸுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து, அப்புறம் என்னிடம் வந்து சேர்ந்தது. வாங்கும்போது புதிய பிளாஸ்டிக் பாடி பிஸ்டல் ஒன்றின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு புதுசாகவே இரண்டு பிஸ்டல் வாங்கினேன், அதில் ஒன்றை விற்றும் விட்டேன். சுடுதளத்துக்குக் கிளம்பும்போது பையில் முதலில் போவது இன்றைக்கும் இதுதான்.

பழைய மலிவு பிஸ்டல் என்றாலே "காசு இல்லாதவன் வாங்குவது" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் கோபம் வருகிற விஷயம். மலிவாகச் செய்த பொருள் வேறு, நன்றாகச் செய்து பிறகு மலிவாகக் கிடைக்கும் பொருள் வேறு. மக்காரோவ் இரண்டாவது வகை. 1951-இல் சோவியத் ராணுவம் இதை ஏற்றுக்கொண்டபோது, இதைக் கையாளப் போகிறவர்கள் முக்கியமாக ராணுவ அதிகாரிகளும் போலீஸ்காரர்களும். சேற்றில் போடுவார்கள், எண்ணெய் போட மறப்பார்கள், குளிரில் கையுறையோடு பிடிப்பார்கள். அப்படிப்பட்ட முரட்டுக் கையாளலை மனதில் வைத்துத்தான் நிகோலாய் மக்காரோவ் இதை வடிவமைத்தார். அடிப்படை யோசனை ஜெர்மனியின் வால்தர் பிபி பிஸ்டலிலிருந்து வந்தது, ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் அதைவிட எவ்வளவோ எளிமை.

வாங்கிய முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழசு வாங்கும் எல்லோருக்கும் இது நடக்கலாம். விற்றவர் "சுத்தம் பண்ணிவிட்டோம், அப்படியே சுடலாம்" என்றார். நானும் நம்பி, வெளியே ஒரு துணியால் துடைத்துவிட்டுச் சுடுதளத்துக்குப் போனேன். முதல் மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) இருந்த எட்டுத் தோட்டாவில் மூன்று வெடிக்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பிடிக்கும் இடத்தில், ஊசியால் தொட்டது போல மெல்லிய புள்ளி, அவ்வளவுதான். சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) பின்பக்கம் இருக்கும் சேஃப்டி லீவரைக் கழற்றினால், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் தானாக வழுக்கி வெளியே விழ வேண்டும். என்னுடையது விழவில்லை. தட்டினேன், அசையவில்லை. ஒரு மெல்லிய குச்சியால் முன்னாலிருந்து தள்ளியபோது, பழைய தேன் மாதிரி இறுகிப்போன பழுப்பு கிரீஸோடு மெதுவாக வந்தது. மக்காரோவின் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, துளைக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அதனால் துளை சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். கிரீஸ் தடுத்தால் அடி மெலிதாக விழும், அது பரவாயில்லை. அந்த ஃபயரிங் பின் முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடிக்கும், அது பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காது குடையும் பஞ்சால் துளையைத் துடைத்து, பின்னை உலர்வாகவே திரும்பப் போட்டேன். ஸ்லைடைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பின் "டக் டக்" என்று ஓட வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கோளாறு ஒருமுறைகூட வரவில்லை.

இதை நான் பிஸ்டலின் குறையாக எழுதவில்லை. கிடங்கில் தூங்கிய எந்திரத்தை எழுப்பும் வேலை அது, வாங்கியவர் செய்ய வேண்டியது.

பிரிப்பது எப்படி என்று பார்த்தாலே இதன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று புரியும். மேகசினை எடுத்து, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, டிரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே இழுத்துக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தால் அது ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த உடல்) முட்டி நிற்கும். ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தூக்கினால் கழன்று வந்துவிடும். ஆணி இல்லை, கருவி வேண்டாம். பேரல், அதாவது குண்டு பாயும் குழல், ஃபிரேமோடு இறுக்கி ஊசி அடித்தது, நகராது. ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அந்தப் பேரலைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். மேசையில் பரப்பினால் ஸ்லைடு, ஸ்பிரிங், ஃபிரேம், மேகசின், நாலே பொருள்.

பிடியைக் கழற்றினால் இன்னொன்று தெரியும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்னால் ஒரே ஒரு ஸ்குரூ, பிடி முழுதாக ஒரே துண்டாகக் கழன்று வரும். உள்ளே ஒரு தட்டையான பட்டை ஸ்பிரிங். ஃபயரிங் பின்னைத் தட்டும் சுத்தியலை அடிக்க வைப்பது அந்த ஸ்பிரிங், டிரிக்கரைத் திரும்ப முன்னால் கொண்டுவருவதும் அதுவே, அதன் கீழ்முனைதான் மேகசினைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியும். மூன்று வேலைக்கு ஒரு துண்டு இரும்பு! ஸ்லைடை நிறுத்தி வைக்கும் லீவரை எடுத்துப் பாருங்கள், அதன் ஒரு மூலைதான் சுட்ட கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டர். இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார் மனிதர். உடையக்கூடியது எத்தனை என்று எண்ணினால் ரொம்பக் குறைவு, அதனால்தான் பல பத்தாண்டுகள் கழித்தும் இவை சுட்டுக்கொண்டிருக்கின்றன.

சரி, சுட எப்படி இருக்கிறது? மொத்த நீளம் 161 மில்லிமீட்டர், தோட்டா இல்லாமல் 730 கிராம், மேகசினில் எட்டு. சின்னதாகத் தெரிந்தாலும் முழுக்க எஃகு, கையில் எடுத்தால் கனம் தெரியும். பேரல் நகராததால் குறி நன்றாக விழுகிறது, பதினைந்து மீட்டரில் என் கைக்கே உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் எட்டும் போகும். ஆனால் இது நேரடி ப்ளோபேக், அதாவது ஸ்லைடைப் பூட்டி வைக்க எந்த ஏற்பாடும் இல்லை, அதன் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் சேம்பரை மூடி வைத்திருக்கின்றன. அதனால் ஸ்பிரிங் கடினம், ஸ்லைடை இழுக்க விரலில் வலு வேண்டும், பின்னுதைப்பும் இந்த அளவுத் தோட்டாவுக்கு எதிர்பார்ப்பதைவிடக் கூர்மையாகக் கையில் அடிக்கும். முதல் தடவை சுத்தியலைத் தூக்கிச் சுடும் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு நீளம், கனம். இரண்டாவதிலிருந்து சுத்தமான, சின்ன இழுப்பு.

பிடிக்காததும் உண்டு. குறிபார்க்கும் சைட் ரொம்பச் சின்னது, நாற்பது வயதுக்கு மேல் கண் கொஞ்சம் மங்கியவர்கள் முன்முனையைத் தேட வேண்டியிருக்கும். நான் முன்சைட்டில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்திருக்கிறேன், அதுவே போதுமாக இருக்கிறது. மேகசின் கொக்கி பிடியின் அடியில் இருப்பதால் ஒரே கையால் மேகசின் மாற்ற முடியாது, வேகப் போட்டிக்குப் போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். சேஃப்டி மேலே இருந்தால் பூட்டு, கீழே இறக்கினால் சுடத் தயார். வால்தர் வகைக்கு இது நேர் எதிர், இரண்டையும் வைத்திருப்பவர்கள் கவனமாகப் பழக வேண்டும். மேலே தூக்கும்போது சுத்தியல் பத்திரமாக இறங்கி, ஸ்லைடும் பூட்டிக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

தோட்டா விஷயத்தில் குழப்பமே வேண்டாம். இது 9x18 மக்காரோவ், முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். பெயரில் ஒன்பது இருந்தாலும் குண்டின் உண்மையான விட்டம் சுமார் 9.27 மில்லிமீட்டர், எல்லா இடத்திலும் கிடைக்கும் 9x19 குண்டு 9.02 தான், கூட்டின் நீளமும் வேறு. .380 என்று விற்பது 9x17, அதுவும் இதற்கு இல்லை. "உள்ளே போகிறதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 9x18 எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வகை குறைவு, வாங்குவதற்கு முன்னால் உங்களுக்கு அது தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ராணுவத் தோட்டா என்றால் பிரைமரில் அரிக்கும் உப்பு இருக்கலாம், எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீரால் பேரலைக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். ஒரு ராத்திரி விட்டால்கூடத் துரு பிடித்துவிடும்.

இதே வரிசையில் மற்றவற்றையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். டோக்கரேவ் டிடி-33 ஒல்லியானது, 7.62x25 தோட்டா நெருப்பும் சத்தமுமாகப் பாய்கிறது. சுத்தியல் தொகுதி முழுதாக ஒரே கட்டியாகக் கழன்று வரும், தோட்டாவைச் சேம்பருக்குள் வழிநடத்தும் உதடுகளும் அதிலேயே கடைந்திருப்பதால் மேகசினின் வாய் லேசாக நெளிந்தாலும் சமாளிக்கும். ஆனால் மூல வடிவத்தில் சேஃப்டி லீவரே கிடையாது, சேம்பரில் தோட்டாவோடு வைத்திருக்க நான் துணிய மாட்டேன். ஸ்பெயினின் ஸ்டார் பிஎம் 9x19 சுடும், கையில் அமெரிக்க ராணுவத்தின் பழைய 1911 பிஸ்டலின் தம்பி போல உட்காரும், அழகோ அழகு. தயாரித்த கம்பெனி 1997-இல் மூடப்பட்டதால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும், காலியாக டிரிக்கர் இழுத்துப் பழகினால் ஃபயரிங் பின் உடையும் என்பதால் போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும். போலந்தின் பி-64 ரொம்பச் சின்னது, அதன் முதல் டிரிக்கர் இழுப்பு இருக்கிறதே, இரண்டு விரல் வேண்டும் போல இருந்தது, எனக்கு ஒத்துவரவில்லை. செக் நாட்டு சிஇசட் 82 அப்படி இல்லை. மக்காரோவ் தோட்டாவே, மேகசினில் பன்னிரண்டு, குரோம் பூசிய பேரல், இரண்டு கைக்கும் சேஃப்டி, பிடி அகலம். புதிதாகப் பழசு வாங்குகிறவர்களுக்கு மக்காரோவைவிட இதையே முதலில் சொல்வேன், என் பிரியம் வேறு, யோசனை வேறு.

இன்னொன்றும் இந்தக் கூட்டத்தில் சேரும், அது கிழக்கு ஐரோப்பா இல்லை, அமெரிக்கா. ரூகர் பி89. ரூகர் 1985-இல் பி85 என்று அறிவித்தது அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தை மனதில் வைத்து, ஆனால் அதற்குள் இத்தாலியக் கம்பெனியான பெரெட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பி89 அதற்குப் பின் வந்த திருத்தம். மெழுகில் உருவம் செய்து, அச்சு எடுத்து, அலுமினியம் ஊற்றி வார்த்த ஃபிரேம், தடிமனான ஸ்லைடு, பதினைந்து தோட்டா. பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும், யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே பழசில் மலிவாகக் கிடைக்கிறது. நண்பர் ஒருவருடையது, இடுப்பு உறை தேய்த்துத் தேய்த்து ஓரங்களில் கருப்பு போய் வெள்ளையாகப் பளபளக்கிறது. ஒரு மதியம் முழுக்க நாங்கள் ஐந்தாறு பேர் மாறி மாறிச் சுட்டோம், வெவ்வேறு கம்பெனித் தோட்டா, ஒன்றும் மாட்டவில்லை. 9x19 என்பதால் தோட்டாக் கவலையும் இல்லை. திருத்தத்துக்கு முந்தைய பி85 கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஃபயரிங் பின் உடைந்திருந்தால் சுத்தியலை இறக்கும்போது வெடிக்கலாம் என்று கம்பெனியே அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது, அந்த வேலை முடிந்ததா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பழசு வாங்கப் போகும்போது வெளிப்பூச்சைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. உறைத் தேய்மானம் நிறைய, உள்ளே தேய்மானம் குறைவு என்றால் அது இடுப்பில் இருந்தது, சுடப்படவில்லை என்று அர்த்தம், அதுதான் நல்ல சரக்கு. பேரலுக்குள் வெளிச்சம் விட்டுக் குழிகள் இருக்கின்றனவா, குண்டைச் சுழல வைக்கும் வரிகளின் ஓரம் கூர்மையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடு, ஃபிரேம் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பவர் அனுமதித்தால் பிரித்துப் பாருங்கள், அனுமதிக்காவிட்டால் எனக்கு அந்தப் பிஸ்டல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், ப்ளோபேக்கில் சோர்ந்த ஸ்பிரிங்தான் ஃபிரேமை அடித்துக் கெடுக்கும், அதன் விலை ஒரு பெட்டித் தோட்டாவுக்குக்கூடக் காணாது.

மேகசின் மட்டும் ராணுவத் தயாரிப்பாகவே தேடி வாங்குங்கள். நான் சிக்கனம் பார்த்து வெளிச்சந்தைத் தயாரிப்பு ஒன்று வாங்கினேன், ஐந்தாவது தோட்டாவில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது, உதட்டை வளைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. பிஸ்டலோடு வந்த இரண்டு மேகசின்களில் ஒன்றின் அடித்தகட்டில் யாரோ கத்தியால் சின்னதாக ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அது ஒருமுறைகூட மாட்டியதில்லை.