பழைய கீறலோடு வந்த புதிய பிரேக் பம்ப்

முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் லீவர் பஞ்சுபோல அமுங்குகிறது என்று சொல்லி, பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் என் மோட்டார் சைக்கிளை விட்டேன். லீவரை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மேல் பம்ப் தேய்ந்துவிட்டதால் அதை மாற்றி, டாட் 4 பிரேக் எண்ணெயும் புதிதாக ஊற்றியிருப்பதாகக் கூறி மாலையில் 260 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். பழைய பம்பைக் கேட்டதற்கு, “குப்பைக்குப் போய்விட்டது, அண்ணே” என்றார் முதலாளி. லீவர் அப்போது ஓரளவு இறுக்கமாக இருந்ததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான்காம் நாள் தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையில் இறங்கியபோது, தொடர்ந்து பிரேக் பிடித்ததில் லீவர் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டிலில் வந்து முட்டியது. பின்பிரேக்கையும் இரண்டாம் கியரையும் நம்பி எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் சூடு தணிந்ததும் லீவர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. எனக்குச் சந்தேகம் பிறந்தது அங்கேதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. ஈரம் ஏறிய எண்ணெய்க்கோ அந்த வரம்பு 155 பாகைதான். கொதித்த எண்ணெயில் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்குமே தவிர, பிரேக் கட்டைகளைத் தள்ளும் பிஸ்டனுக்கு விசையைக் கொண்டு செல்லமாட்டா. நான்கே நாள் ஆன எண்ணெய் இந்த நிலைக்கு வர வழியில்லை.

வீட்டில் மூடியைத் திறந்தால், இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய் கோப்பி நிறத்தில் இருந்தது. அதைவிட, மூன்று ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சாய்ந்தபோது பம்பின் விளிம்பில் விழுந்த கீறலும் அப்படியே இருந்தது. என் கீறலையும் சேர்த்தா புதிய பம்ப் விற்கிறார்கள்?

18 வெள்ளிக்கு ஒரு புட்டி டாட் 4 வாங்கி, கேலிப்பரில் (சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) காற்றை வெளியேற்றும் திருகில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்தபடி திருகைத் திறந்து, லீவரை விடுவதற்கு முன் மூடி, மேல்தொட்டி வற்றிவிடாமல் ஊற்றிக்கொண்டே, குமிழ் நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். (எண்ணெய் வண்டியின் சாயத்தில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.) பிறகு லீவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். பம்பின் உள்ரப்பர் தேய்ந்திருந்தால் அது மெல்ல மெல்ல இறங்கியிருக்கும்; இம்மியும் அசையவில்லை. ஆக, மாற்றியதாகச் சொன்ன பம்பில் பழுதே இருந்ததில்லை.

திரும்பச் சென்று கேட்டபோது ரசீதைக் காட்டச் சொன்னார்கள். அதில் ‘பிரேக் சர்வீஸ் 260’ என்று மட்டுமே இருக்கிறது. பம்ப் என்ற சொல்லே இல்லை. மாற்றும் சாமானின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நானோ கீறலின் படத்தையும் பழைய எண்ணெயை நிரப்பிய புட்டியையும் வைத்துக்கொண்டு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்கான மனுவை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.